உம்மாவோடு பெஸ் நகரில் ஒரு நாள்



ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போய் வந்தவர்கள் நம் குடும்பங்களில் பலர் இருக்கிறார்கள். ஆனால் மக்காவையும் தாண்டி மேற்கே, ஆபிரிக்காக் கண்டத்தின் வடமேற்கு ஓரம் வரை போன பெண்கள் மிகச் சிலரே. மொரோக்கோ நாட்டை அரபியில் ‘மஃரிப்’ என்கிறார்கள். சூரியன் மறையும் திசை என்பது பொருள். நாம் அந்தியில் தொழும் தொழுகைக்கும் அதே பெயர்தான். அந்த நாட்டிலுள்ள பெஸ் என்ற பழம்பெரும் நகரில் என் உம்மாவோடு ஒரு நாள் முழுதும் நடந்து திரிந்தேன். இன்று உங்களையும் அங்கே அழைத்துப் போகிறேன். சற்று வசதியான செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். நடை அதிகம்.

நாங்கள் போனது 2022 ஒக்டோபரில். கட்டாரில் தொழில் செய்யும் என் தம்பியை அவனது கம்பெனி சில வாரங்களுக்குக் கஸபிளங்காவுக்கு அனுப்பியிருந்தது. “உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க ராத்தா, இனி எப்ப சந்தர்ப்பம் கிடைக்குமோ” என்றான். உம்மாவுக்கு அப்போது வயது 72. முழங்கால் வலி வேறு. வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். “கறவிய்யீன் பள்ளியப் பாக்கேலுமா மகன்?” என்று மட்டும் கேட்டார். ஏலும் என்றான். அவ்வளவுதான், புறப்பட்டுவிட்டார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணம் சோனகத் தெருவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் எல்லோரையும் போல இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறி, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்வைத் தொடங்கியவர்கள். வீடு இருந்த அந்தக் காணியை வாங்க ஒருவர் நல்ல விலை சொல்லியிருந்தார். விற்பதா வேண்டாமா என்று பிள்ளைகள் நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். உம்மா பதில் சொல்லாமலே இருந்தார்.

ஒன்பதாயிரம் ஒழுங்கைகள்

கஸபிளங்காவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். பழைய பெஸ் நகர் ஒரு கிண்ணத்துக்குள் கொட்டிவைத்தது போல மலைச்சரிவுகளின் நடுவே கிடக்கிறது. சுற்றிலும் மதில். உள்ளே ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒழுங்கைகள் என்கிறார்கள். பலவற்றில் இருவர் தோளோடு தோள் சேர்ந்து நடக்க முடியாது. காருக்கும் பஸ்ஸுக்கும் உள்ளே இடமில்லை. காஸ் சிலிண்டரும் சீமெந்தும் கோவேறு கழுதையின் முதுகில்தான் போகின்றன. “பாலக், பாலக்!” என்று பின்னாலிருந்து சத்தம் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ‘விலகு’ என்று அர்த்தம். உம்மா முதலில் கற்றுக்கொண்ட மொரோக்கோச் சொல் அதுதான்.

இந்த நகரை 1981இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சொத்தாக அறிவித்தது.

நாங்கள் தங்கியது ‘ரியாத்’ எனப்படும் பழைய வீடொன்றில். வெளியே வெறும் சுவரும் சிறிய கதவும். உள்ளே நுழைந்தால் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிவர அறைகள், நடுவே நீரூற்று. தெருவில் போகிறவன் கண்ணுக்கு வீட்டுப் பெண்கள் படமாட்டார்கள். பெண்களுக்கோ வெயிலும் காற்றும் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும். “இது எங்கட நாற்சார் வீடுதானே!” என்றார் உம்மா.

காலை ஒன்பது மணிக்கு வழிகாட்டி வந்தார். நாற்பது வயது மதிக்கலாம். நீண்ட ஜெலாபா அங்கி, கழுத்தில் அரசாங்க அனுமதி அட்டை. எங்கள் மூவருக்கு மட்டும் ஒரு நாள் முழுதும் அவர். ஆங்கிலம் சரளமாகப் பேசினார். உம்மாவின் சேலையையும் முக்காட்டையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, “இந்தியாவா?” என்றார். தம்பி “சிறீலங்கா” என்றான். அவர் தலையசைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

நீல வாசலும் நீர்க் கடிகாரமும்

பாப் பூஜ்லூத் என்ற வாசல் வழியாக உள்ளே போனோம். வெளிப்பக்கம் நீல ஓடு, உட்பக்கம் பச்சை ஓடு. பழைய நகருக்குப் பொருத்தமாக இருந்தாலும் இது 1913இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டப்பட்டது. அங்கிருந்து ஒரே இறக்கம்.

கொஞ்ச தூரத்தில் பூ இனானிய்யா மத்ரஸா. மரீனிய சுல்தான் அபூ இனான் 1350க்கும் 1355க்கும் இடையில் கட்டுவித்தது. கீழே வண்ண ஓட்டுத் துண்டுகளைப் பொருத்திச் செய்த ‘ஸெல்லீஜ்’ வேலை, அதற்கு மேலே சுண்ணச் சாந்தில் செதுக்கிய எழுத்துகள், அதற்கும் மேலே தேவதாரு மரச் சிற்பம். கை அகல இடம்கூட வெறுமையாக இல்லை. ஆனால் எங்கும் ஓர் உருவமில்லை. பூவும் கொடியும் கோணமும் குர்ஆன் வசனங்களும்தான். செலவுக் கணக்கைக் கொண்டுவந்து காட்டியபோது, அழகான பொருளுக்கு விலை பார்ப்பதா என்று சுல்தான் கணக்கேட்டை ஆற்றில் எறிந்துவிட்டாராம். இது ஊர்க்கதை. எதிரே 1357இல் செய்த நீர்க் கடிகாரத்தின் மரச் சட்டங்கள் வரிசையாகத் தெரிகின்றன. அதை இயக்கிய வித்தை மறைந்துபோய்விட்டது.

இந்தச் சுல்தானுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, சகோதரிகளே. தான்ஜியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா உலகம் சுற்றித் திரும்பியபோது, பார்த்ததையெல்லாம் சொல்லச் செய்து நூலாக்கும்படி கட்டளையிட்டவர் அபூ இனான்தான். இப்னு பதூதா சொல்ல, இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுத, 1355இல் அந்த நூல் இந்தப் பெஸ் நகரில் நிறைவேறியது. அதில் ஸரன்தீப் வருகிறது. 1344இல் அவர் நம் நாட்டில் இறங்கிய துறையை இன்றைய புத்தளம் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அங்கிருந்துதான் அவர் பாவாத மலைக்கு ஏறப் போனார்.

தம்பி இதைச் சொன்னதும் வழிகாட்டி நின்றுவிட்டார். “நீங்கள் ஸரன்தீப்காரர்களா? முஸ்லிம்களா?” என்றார். பள்ளிக்கூடத்தில் இப்னு பதூதாவைப் படித்தவர். சிறீலங்காதான் ஸரன்தீப் என்பது அவருக்குத் தோன்றவில்லை. உம்மா ஸலாம் சொல்லி, “நாங்க புத்தளத்துல இருந்துதான் வாறம் மகன்” என்றார். மொழி புரியாவிட்டாலும் ஸலாம் புரிந்தது. வலது கையை நெஞ்சில் வைத்துத் தலை தாழ்த்தினார்.

ஐந்து பொருள் கொண்ட அயல்

பெரிய கட்டடங்களைவிட உங்களுக்குக் காட்ட நான் விரும்புவது இங்குள்ள அயல் வாழ்வைத்தான். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஐந்து பொதுவசதிகள் இருக்கும் என்றார் வழிகாட்டி. ஒரு பள்ளிவாசல், பிள்ளைகள் ஓத ஒரு மக்தப், ஒரு நீர்க்குழாய், ஒரு ஹம்மாம், ஒரு போறணை.

போறணை என்றால் நம் பேக்கரிப் போறணை போன்றதுதான். ஆனால் பாண் விற்பதற்கல்ல. வீடுகளில் பெண்கள் மாவைக் குழைத்து வட்டமாகத் தட்டிப் பலகையில் வைத்துத் துணியால் மூடி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் பிள்ளைகள்தான் தலையில் சுமந்து போகிறார்கள். போறணைக்காரர் சுட்டுக் கொடுத்துச் சிறு கூலி வாங்குகிறார். யாருடைய பாண் எது என்று அவருக்குத் தெரியும். ஹம்மாம் என்பது வெந்நீர்க் குளியல் வீடு. பெண்களுக்கு வேறு நேரம் அல்லது வேறு இடம். வாரம் ஒரு முறை சகோதரிகளும் மாமிமாரும் கூடுமிடம் அது.

பகலுணவுக்குக் குஸ்குஸ் உண்டோம். வெள்ளிக்கிழமைகளில் எல்லா வீடுகளிலும் இதுதானாம். ரவை போன்ற தானியத்தை ஆவியில் அவித்து, மேலே ஏழு வகைக் காய்கறியும் இறைச்சியும் வைத்து ஒரே பெரிய தட்டில் கொண்டுவந்தார்கள். சுற்றி அமர்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்து உண்ண வேண்டும். நம் சஹன் சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னர் புதினாத் தேநீர். பச்சைத் தேயிலையில் புதினாவைத் திணித்து, கை நிறையச் சீனி போட்டு, உயரத்திலிருந்து நுரை வரச் சிறு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுகிறார்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உம்மா சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை!

கம்பளக் கடையில் போன ஒரு மணி நேரம்

அதன் பின்தான் ஒரு மனவருத்தம் வந்தது. “ஐந்து நிமிடம்” என்று வழிகாட்டி ஒரு கம்பளக் கடைக்கு அழைத்துப் போனார். தேநீர் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது கம்பளங்களை விரித்தார்கள். விலை சொன்னார்கள், குறைத்தார்கள், இன்னும் குறைத்தார்கள். மறுக்க மறுக்க முகங்கள் மாறின. இந்தக் கடைகளில் விற்கும் பொருளுக்கு வழிகாட்டிக்குக் கொமிசன் உண்டென்பது பின்னர்தான் விளங்கியது.

ளுஹருக்கு அதான் கேட்டது. உம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தார். “மகன், நான் ஆயிரம் மைல் தாண்டி வந்தது பாய் வாங்கவா? தொழுகை போகுது” என்றார். தம்பி மொழிபெயர்க்கத் தயங்கினான். தேவைப்படவில்லை. வழிகாட்டி முகம் சிவந்து “வாருங்கள்” என்று முன்னால் நடந்தார். அதன் பிறகு எந்தக் கடைக்கும் எங்களை அழைக்கவில்லை.

கறவிய்யீன் வாசலில்

மொரோக்கோவில் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் முஸ்லிமல்லாதார் போக முடியாது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. ஆகவே சுற்றுலாக்காரர் கறவிய்யீனின் வாசலில் நின்று எட்டிப் பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் போனபோதும் அப்படியொரு கூட்டம் நின்றது. வாசற்காவலர் உம்மாவின் சேலையைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். வழிகாட்டி ஏதோ வேகமாகச் சொன்னார். காவலர் நம்பியதாகத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. இவ்வளவு தூரம் வந்து உம்மா வாசலோடு திரும்ப வேண்டுமா?

உம்மா ஒன்றும் பதறவில்லை. நின்ற இடத்திலேயே மெல்ல சூறத்துல் பாத்திஹாவை ஓதத் தொடங்கினார். புத்தளம் முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் பத்து வருடம் அகதிப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த குரல் அது. ஒவ்வோர் எழுத்தும் அதன் இடத்தில் நின்று வந்தது. பாதி வரும்போதே அந்த மனிதர் கையை எடுத்துவிட்டார். முடிந்ததும் அவரே “ஆமீன்” சொல்லி, பெண்கள் தொழும் பகுதிக்குப் போகும் வழியைக் காட்டினார்.

உள்ளே வரிசை வரிசையாக வெள்ளைத் தூண்கள், வளைவுகள், தரையில் பாய். நடு முற்றத்தில் நீரூற்று. ஏறக்குறைய 20,000 பேர் தொழக்கூடிய பள்ளி. இங்குள்ள பெண்கள் மாலிக்கி மத்ஹபின்படி கைகளைக் கட்டாமல் பக்கங்களில் தொங்கவிட்டுத் தொழுதார்கள். உம்மா ஷாபிஈ முறைப்படி கை கட்டினார். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸலாம் கொடுத்ததும் அருகிலிருந்த மூதாட்டி உம்மாவின் முழங்காலைத் தடவி, தன் முழங்காலையும் காட்டிச் சிரித்தார். வலிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

இந்தப் பள்ளியைக் கட்டியவர் பாத்திமா அல் பிஹ்ரிய்யா என்ற பெண்மணி என்பதுதான் பெஸ் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. தூனிசியாவின் கைரவான் நகரிலிருந்து குடிபெயர்ந்த வணிகரின் மகள். தந்தை விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு ஹிஜ்ரி 245இல், அதாவது கி.பி. 859இல், இதைத் தொடங்கினார். வேலை முடியும்வரை நோன்பு நோற்றார் என்றும் சொல்வார்கள். இதை எழுதிவைத்த இப்னு அபீ ஸர்உ பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் இங்கே கிடைத்த ஒரு மரப்பலகையில் அரச குலத்து தாவூதின் பெயரும் ஹிஜ்ரி 263 என்ற ஆண்டும் இருப்பதால் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் பள்ளியை ஒட்டி வளர்ந்த கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகம். தொடர்ந்து இயங்கிவரும் உலகின் மிகப் பழைய உயர்கல்வி நிலையமென கின்னஸ் புத்தகம் இதைக் குறிக்கிறது.

ஆனால் நெடுங்காலம் அந்தக் கல்வி ஆண்களுக்கே கிடைத்தது. ஒரு பெண் கட்டியதாகச் சொல்லப்படும் இடத்தில் பெண்பிள்ளைகள் மாணவிகளாக நுழைந்தது 1940களில்தான். அதற்காகப் பாடுபட்டவர்களுள் ஒருவர் மலிகா அல் பாஸி. 1944 ஜனவரி 11இல் வெளியான மொரோக்கோ சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஒரே பெண்ணும் அவரே. பாழடைந்துவந்த கறவிய்யீன் நூலகத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பும் 2012இல் ஒரு பெண்ணிடம்தான் கொடுக்கப்பட்டது. பெஸ் நகரில் பிறந்த கட்டடக் கலைஞர் அஸீஸா ஷாவுனி. இப்னு கல்தூன் தாமே வக்பு செய்த தமது நூற்பிரதி அந்த நூலகத்தில்தான் பாதுகாக்கப்படுகிறது.

அடுத்து ஷுவாரா என்ற தோல் பதனிடும் இடம். மேல்மாடியில் நின்று பார்க்க வேண்டும். தேன்கூடு போலக் கல் தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த நீர். மற்றவற்றில் சிவப்பு, மஞ்சள், பழுப்புச் சாயங்கள். இடுப்பளவு நீரில் இறங்கி மிதிக்கிறார்கள். நாற்றத்துக்காக ஆளுக்கொரு புதினாக் கொத்துத் தருவார்கள். “நாங்க மூக்கப் பொத்திக்கொண்டு பாக்கிறம், அவங்க அதிலயே சோறு தேடுறாங்க” என்ற உம்மா சீக்கிரமே இறங்கிவிட்டார்.

ஆற்றின் அக்கரை

அஸர் நேரத்துக்கு ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போனோம். இந்த நகருக்கு முதலில் கி.பி. 789இல் இத்ரீஸ் மன்னர் அடியிட்டார். அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் 809இல் எதிர்க்கரையில் இன்னொன்றைத் தொடங்கினார். கரைகளை நிரப்பியவர்கள் அகதிகள். ஸ்பெயினின் குர்துபா நகரில் 818இல் நடந்த கிளர்ச்சியின் பின் துரத்தப்பட்டவர்கள் ஒரு கரையில் குடியேறினார்கள். கைரவானிலிருந்து வந்தவர்கள் மறுகரையில். அதனால்தான் கைரவான்காரர் பள்ளி ‘கறவிய்யீன்’ ஆனது. அக்கரை அந்தலூஸ்காரர் கரை. அங்குள்ள பள்ளியைக் கட்டியவர் பாத்திமாவின் சகோதரி மர்யம் என்பது வழக்கு. 1492இல் கிரனாடா வீழ்ந்த பின்னும் முஸ்லிம்களும் யூதர்களும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தலூஸ் பள்ளியின் பெரிய வாசற்படியில் களைத்து அமர்ந்த உம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அவங்க திரும்பி ஊருக்குப் போனாங்களா எண்டு கேளு மகன்” என்றார்.

வழிகாட்டி சற்று யோசித்தார். “போகவில்லை, உம்மா. சிலர் வீட்டுச் சாவியைப் பேரப்பிள்ளைகள் காலம் வரை வைத்திருந்ததாகச் சொல்வார்கள். என் தாயின் குடும்பத்தாரும் அந்தலூஸ்காரர்கள்தான். எங்களிடம் பெயர் மட்டும் இருக்கிறது. சாவி இல்லை” என்றார். காலையிலிருந்து அவர் பேசியதில் மனப்பாடம் இல்லாத பேச்சு அதுதான் என்று எனக்குப் பட்டது.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அஸர் தொழுதார். துஆ வழமையைவிட நீண்டது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

வழிகாட்டியை அமர்த்தும்போது அரசாங்க அனுமதி அட்டையைப் பாருங்கள். கூலியையும், கடைகளுக்குப் போகப்போவதில்லை என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முஸ்லிம்கள் என்றும், ஜமாஅத் நேரத்தில் கறவிய்யீனில் இருக்க வேண்டும் என்றும் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகலில் கடைகள் பல மூடியிருக்கும். கோடை வெயில் கடுமை. வசந்தமோ ஒக்டோபரோ நல்லது. முதியவர்களை மேலிருந்து கீழாக நடத்திச் சென்று, ரஸீஃப் சதுக்கத்தில் சிவப்பு டாக்சி பிடித்துத் திரும்புங்கள். ஏற்றம் மிச்சமாகும். கைவினைஞரையும் பெண்களையும் படம் எடுக்குமுன் கேளுங்கள்.

அன்றிரவு ரியாத்தின் முற்றத்தில் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தேன். “மகள், காணிய விக்க வேணாம்” என்றார் உம்மா, நான் கேளாமலே.

“வீடு கட்டப் போறீங்களா உம்மா?”

“நான் இனி எங்க கட்ட? முதல்ல கிணத்த இறைக்கச் சொல்லு. தண்ணி நல்லா இருந்தா ரோட்டோரமா ஒரு பைப் வைப்பம். அந்தப் பக்கம் திரும்பிப் போன பிள்ளைகள் ஓதுற இடத்துக்கும் தண்ணி இல்லையாம்.”

நாடு திரும்பிய அடுத்த மாதம் தம்பி யாழ்ப்பாணம் போய்க் கிணற்றை இறைப்பித்தான். முதலில் மண்ணும் ஓட்டுத் துண்டுகளும் வந்தன. மூன்றாம் நாள் தெளிந்த தண்ணீர் வந்தது. உப்பில்லை, அல்ஹம்துலில்லாஹ்.